ஓவர்லாக் கையேடும் 212 எம்பி கோப்பும்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நான் லைன் மெக்கானிக். ஓவர்லாக், ஃபிளாட்லாக், சிங்கர் எல்லாம் சேர்த்து 40 தையல் மெஷின் என் பொறுப்பு. ஒரு நாளில் என்னைக் கூப்பிடுவதில் பாதி, மெஷின் கெட்டதற்காக இல்லை. நூல் அறுந்திருக்கும், திரும்பக் கோக்கத் தெரியாமல் நிற்பார்கள். அதுவும் ஓவர்லாக்கின் கீழ் லூப்பர் (துணிக்கு அடியில் நூலைக் கொண்டுபோய்க் கண்ணி போடும் கொக்கி) என்றால் பழைய டெய்லர்களே கையைப் பிசைவார்கள். கவரைத் திறந்து, குனிந்து, டுவீசரால் நூலைப் பிடித்து, கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளில் வரிசையாக விட வேண்டும். லூப்பர்களை முடித்துவிட்டுக் கடைசியில்தான் ஊசிக்கு வர வேண்டும். ஊசியை முதலில் கோத்துவிட்டு அப்புறம் கீழ் லூப்பருக்குப் போனால் நாலு தையல் போவதற்குள் மறுபடி அறும்.

மெஷினோடு வந்த புத்தகத்தில் படம் இருக்கிறது. தீப்பெட்டி அளவு. எழுத்து ஆங்கிலமும் சீனமும். சரி, தமிழில் நாமே ஒரு கையேடு செய்துவிடலாம், 24 பக்கம், ஏ4, படம் பெரிதாக, மெஷின் பக்கத்தில் தொங்கவிடலாம் என்று முதலாளியிடம் சொன்னேன். "செஞ்சு குடுங்க, பிரிண்ட் செலவு நான் பாத்துக்கறேன்" என்றார். எழுத இரண்டு நாள் ஆனது. படங்களுக்கு ஐந்து வாரம்.

முதல் தடவை செய்தது இப்படி. ஃபோனில் படபடவென்று எடுத்தேன். கம்பெனி ஆபீஸில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரில் லிப்ரே ஆபிஸ் ரைட்டர் இருந்தது. அதில் எழுதிய பக்கங்களுக்குள் இன்செர்ட் மெனு, இமேஜ் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, மூலையைப் பிடித்து இழுத்துச் சின்னதாக்கி வைத்தேன். சில படங்களை வேறு இடத்தில் திறந்து காப்பி செய்து நேராக ஒட்டினேன். 37 படம் ஆனபோது கம்ப்யூட்டர் மூச்சுத் திணற ஆரம்பித்தது. சேமிக்கச் சொன்னால் டீ குடித்துவிட்டு வரலாம். கோப்பின் அளவைப் பார்த்தேன்: 212 எம்பி. ஜிமெயிலில் 25 எம்பிக்கு மேல் இணைக்க முடியாது. பிரிண்ட் கடைக்கு இதை எப்படி அனுப்புவது?

எனக்கு மெஷின் என்றால் கழற்றிப் பார்க்கத்தான் கை போகும். இதையும் கழற்றலாம் என்று பிறகுதான் தெரிந்தது. ரைட்டரின் ஓடிடி கோப்பு உண்மையில் ஒரு ஜிப் மூட்டை. ஒரு நகல் எடுத்து, பெயரின் கடைசியில் ஓடிடி என்பதை ஜிப் என்று மாற்றித் திறந்தால் உள்ளே பிக்சர்ஸ் என்று ஒரு ஃபோல்டர். வேர்டின் டாக்எக்ஸ் கோப்பும் அப்படித்தான். அதில் வேர்ட் என்ற ஃபோல்டருக்குள் மீடியா என்று இருக்கும். நான் சேர்த்த படங்கள் எல்லாம் அங்கே முழு உருவத்தில் கிடந்தன. மூலையை இழுத்துச் சின்னதாக்கினேனே, அது பக்கத்தில் தெரிகிற அளவை மட்டும்தான் மாற்றியிருக்கிறது. உள்ளே ஒரு புள்ளிகூட (பிக்சல்) குறையவில்லை. அதைவிடக் கொடுமை, காப்பி செய்து ஒட்டிய ஐந்து படங்கள். ஃபோனிலிருந்து வந்த ஜேபெக் ஒவ்வொன்றும் சுமார் மூன்றரை எம்பிதான். ஒட்டியவை பிஎன்ஜி என்ற வேறு வடிவமாக மாறி ஒவ்வொன்றும் 20 எம்பி. மொத்த எடையில் கிட்டத்தட்டப் பாதி அந்த ஐந்தில் இருந்தது.

அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஏ4 தாளின் அகலம் 21 செமீ. இரண்டு பக்கமும் 2 செமீ ஓரம் விட்டால் 17 செமீ மிச்சம், அதாவது சுமார் 6.7 அங்குலம். அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால், பக்கம் முழுக்க நிற்கும் படத்துக்கு 2000 புள்ளி அகலம் போதும். என் படங்களில் பெரும்பாலானவை 8 செமீ அகலத்தில்தான் நிற்கின்றன. அதற்கு 950 புள்ளி போதும். ஃபோன் கொடுப்பதோ 4000க்கு 3000. அதை 8 செமீக்குள் அடைத்தால் ஓர் அங்குலத்துக்கு 1270 புள்ளி. பிரிண்டருக்கு இவ்வளவும் தேவையே இல்லை. கால் டம்ளருக்குக் குடம் சாய்த்த கதை.

ரைட்டரிலேயே படத்தின் மேல் வலது கிளிக் செய்தால் கம்ப்ரெஸ் என்று ஒரு வழி இருக்கிறது. எத்தனை புள்ளியாகக் குறைக்க வேண்டும் என்று கேட்கும். வேர்டிலும் கம்ப்ரெஸ் பிக்சர்ஸ் உண்டு. ஒன்றிரண்டு படத்துக்கு அது நல்லதுதான். 37 படத்துக்கு ஒவ்வொன்றாகச் செய்ய எனக்குப் பொறுமை இல்லை. அதோடு, எந்தப் படத்தை எவ்வளவு குறைத்தேன் என்பது மறந்துபோகும். அதனால் ஒரு முடிவு எடுத்தேன்: படம் கோப்புக்குள் போவதற்கு முன்பே, பக்கத்தில் என்ன அளவில் நிற்குமோ அந்த அளவுக்கு வெளியிலேயே தயாராகிவிட வேண்டும். மூன்று ஃபோல்டர். ஃபோனிலிருந்து வந்தது அப்படியே ஒன்றில், அதைத் தொடவே கூடாது. வேலை நடப்பவை இரண்டாவதில். முடிந்தவை மூன்றாவதில். ரைட்டருக்குள் போவது மூன்றாவதிலிருந்து மட்டும். பெயரும் ஒழுங்காக: ஓவர்லாக்-03-கீழ்லூப்பர் என்பதுபோல. ஃபோன் வைக்கும் நீளமான எண்களை வைத்துக்கொண்டு எந்தப் படம் எது என்று தேடியே இரண்டு இரவு போயிருந்தது.

வெட்டுவதும் குறைப்பதும் ஜிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளில் செய்தேன். முதலில் வெட்டு, பிறகு நேராக்கு, பிறகு வெளிச்சம், கடைசியாக அளவு. இந்த வரிசை முக்கியம். அளவைக் குறைத்துவிட்டு வெட்டினால் மிச்சம் ஒன்றும் இருக்காது. பக்கத்துக் கம்பெனி மெக்கானிக் ஃபிளாட்லாக் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். நீளப்பக்கம் 1600 புள்ளிதான் வந்திருந்தது. வாட்ஸ்அப் படத்தைக் கெடுத்துவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். 8 செமீக்கு வைப்பதாக இருந்தால் 1600 தாராளம். எனக்கு இடித்தது வேறு இடத்தில். மெஷின் முழுதும் எடுத்த படத்தில் லூப்பர் இருக்கும் கால் பங்கை மட்டும் வெட்டினால் 400 புள்ளி மிஞ்சுகிறது. அதை 8 செமீக்கு விரித்தால் அச்சில் பல்லிளிக்கும். அவரை அழைத்து, "அண்ணா, அதையே டாக்குமெண்டா அனுப்புங்க" என்றேன். முழுப் படமும் வந்தது.

முதலாளி மகன் அவருடைய ஐபோனில் எடுத்துக் கொடுத்த படங்கள் திறக்கவே இல்லை. ஹெச்இஐசி என்ற வடிவம். ஃபோனின் செட்டிங்ஸில் கேமரா, ஃபார்மட்ஸ் என்று போய் மோஸ்ட் கம்பேட்டிபிள் என்று வைத்தால் ஜேபெக்காகவே எடுக்கும். அவர் வைத்துக்கொடுத்தார், முடிந்தது. ஃபோனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த சில படங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் படுத்துக்கொண்டு தெரிந்தன. ஃபோன் படத்தைத் திருப்புவதில்லை, 'இதைத் திருப்பிக் காட்டு' என்று கோப்புக்குள் ஒரு குறிப்பை மட்டும் எழுதிவைக்கிறது. சில மென்பொருள் அதைப் படிக்கும், சில படிக்காது. ரைட்டர் படத்தைச் சேர்க்கும்போதே திருப்பட்டுமா என்று கேட்டது. ஜிம்ப்பில் திறக்கும்போதே திருப்பிச் சேமித்துவிட்டால் அந்தக் கேள்வியே வராது.

எடுத்த படங்களிலேயே பாதி உதவாது என்பது பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மெஷின் தலை பளபள இரும்பு. ஃபிளாஷ் போட்டால் லூப்பர் இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு மட்டும். மெஷினில் இருக்கும் சின்ன எல்இடி விளக்கில் எடுத்தால் படத்தின் குறுக்கே இருட்டுக் கோடுகள். விளக்கு விட்டுவிட்டு எரிவது கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஜன்னலை ஒட்டிய ஓவர்லாக் ஒன்றின் மெயினை அணைத்து, விளக்கையும் அணைத்து, ஜன்னலுக்கும் மெஷினுக்கும் நடுவில் வெள்ளைப் பனியன் துணியைக் கட்டித் தொங்கவிட்டேன். நம் ஊரில் அதற்கா பஞ்சம்! வெளிச்சம் பால் மாதிரி பரவியது. லூப்பருக்குப் பின்னால் கறுப்பு சார்ட் அட்டையை ஒரு துண்டு வெட்டிச் செருகினேன். ஓட்டைகள் முதல் தடவையாகத் தெளிவாகத் தெரிந்தன.

துணியைக் காட்ட வேண்டிய படங்களில் வேறு ஒரு வினோதம். சிங்கிள் ஜெர்சி என்ற பனியன் துணியின் மெல்லிய பின்னல் கோடுகள், படத்தைச் சின்னதாக்கியதும் தண்ணீர் அலை மாதிரி நெளிந்தன. துணியில் அலை இல்லை; பின்னல் வரியும் படத்தின் புள்ளி வரியும் ஒன்றோடொன்று இடிப்பதால் வருவது. கொஞ்சம் மங்கலாக்கிவிட்டு அளவைக் குறைத்தபோது பெரும்பாலும் போனது. 19ஆம் பக்கத்தில் ஒன்று மட்டும் இன்னும் நெளிந்துகொண்டுதான் இருக்கிறது.

இப்போது பெரிய அடி. நாலு நூல் ஓவர்லாக்கில் இரண்டு ஊசி நூல், இரண்டு லூப்பர் நூல். நாலுக்கும் நாலு நிறக் கோன் மாட்டி, சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என்று கோத்து அழகாக ஒரு படம் எடுத்திருந்தேன். திரையில் பார்த்தால் கல்யாண வீட்டுத் தோரணம் மாதிரி இருந்தது. ரொம்பப் பெருமை எனக்கு. மாதிரிக்கு ஒரு பிரதி ஆபீஸ் லேசர் பிரிண்டரில் எடுத்து, லைனில் பதினைந்து வருடமாக இருக்கும் அக்காவிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, எல்லாமே ஒரே சாம்பலா இருக்குது. இதுல எது கீழ் லூப்பர் நூலு?"

ஆபீஸ் பிரிண்டர் கறுப்பு வெள்ளை. 30 பிரதியும் கறுப்பு வெள்ளையில்தான் எடுக்கப்போகிறோம். கலர் என்றால் முதலாளி முகம் மாறிவிடும். நிறத்தைச் சாம்பலாக்கும்போது பச்சைக்கு நூற்றில் சுமார் 59 பங்கு, சிவப்புக்கு 30, நீலத்துக்கு 11 என்று எடை போட்டுக் கூட்டுவது வழக்கம். நான் மாட்டியது கரும்பச்சை. அதுவும் சிவப்பும் கிட்டத்தட்ட ஒரே சாம்பலுக்கு வந்து நின்றன. நீலம் கறுப்பு அட்டையில் கரைந்துபோனது. மஞ்சள் மட்டும் தப்பியது. ஜிம்ப்பில் இமேஜ் மெனு, மோட், கிரேஸ்கேல் என்று ஒரு தட்டுத் தட்டியிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

மாறுபாட்டைக் கூட்டி அந்தப் படத்தைக் காப்பாற்றலாமா என்று ஒரு இரவு போராடினேன். பிறகு விட்டுவிட்டேன். அடுத்த ஞாயிறு திரும்ப எடுத்தேன், நிறத்தையே நம்பாமல். ஒரு படத்தில் ஒரே நூல். தடித்த வெள்ளை நூல், பின்னால் கறுப்பு அட்டை, மற்ற மூன்றையும் கழற்றியாகிவிட்டது. ஒரு படம் நாலு படமானது. நூல் போகும் ஒவ்வோர் ஓட்டைக்கும் வரிசை எண். அக்கா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. விரலால் ஒன்று, இரண்டு, மூன்று என்று தொட்டுக்கொண்டே போனார். அது போதும்.

அந்த எண்களையும் அம்புக்குறிகளையும் போட்டதில் எனக்குக் கிடைத்த பாடம் தனி. முதலில் ரைட்டருக்குள்ளேயே படத்தின் மேல் அம்பு வரைந்தேன். மேலே ஒரு பத்தியில் இரண்டு வரி சேர்த்தேன். படம் கீழே இறங்கியது, அம்புகள் பழைய இடத்திலேயே நின்று வெறும் தாளைச் சுட்டிக்கொண்டிருந்தன. ரைட்டரில் ஒவ்வொரு படத்துக்கும் வரைகோட்டுக்கும் ஆங்கர் என்று ஒன்று உண்டு, நங்கூரம். பக்கத்தில் போட்டால் எழுத்து என்ன ஆனாலும் அந்தப் பக்கத்திலேயே நிற்கும். பத்தியில் போட்டால் பத்தியோடு நகரும். ஆஸ் கேரக்டர் என்று போட்டால் படம் ஓர் எழுத்து மாதிரி வரிக்குள்ளேயே உட்காரும். என் அம்புகள் ஓர் இடத்திலும் படங்கள் வேறு இடத்திலும் நங்கூரம் போட்டிருந்தன. சேர்த்துக் கட்டப் பார்த்தேன், சரிவரவில்லை. அம்பை ரைட்டருக்கு வெளியிலேயே வரைந்து கொண்டுவருவதுதான் எனக்கு ஒத்துவந்தது. லிப்ரே ஆபிஸ் ட்ராவில் படத்தை வைத்து, மேலே அம்பும் எண்ணும் போட்டு, ட்ரா கோப்பைத் தனியாகச் சேமித்துவிட்டு, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஒரே படமாக ஏற்றுமதி செய்தேன். அம்பு கறுப்பு, சுற்றி மெல்லிய வெள்ளை விளிம்பு. இரும்பின் மேலும் தெரியும், அட்டையின் மேலும் தெரியும்.

படத்துக்குள் எண் மட்டும்தான், எழுத்து கிடையாது என்பதில் பிடிவாதமாக இருந்தேன். 'கீழ் லூப்பர்', 'டென்ஷன்' எல்லாம் படத்துக்குப் பக்கத்தில் ரைட்டரில்தான். எங்கள் லைனில் ஒடிசா, பீகார் பிள்ளைகள் நிறைய. நாளைக்கு ஹிந்தியில் வேண்டுமென்றால் அதே படங்கள் அப்படியே போகும்.

புகைப்படங்களை ஜேபெக்காக, 90 தரத்தில். மெஷின் புத்தகத்தைப் பார்த்து நானே கறுப்புக் கோட்டில் வரைந்த படங்களை பிஎன்ஜியாக. கோட்டுப் படத்தை ஜேபெக்கில் வைத்தால் கோட்டைச் சுற்றி ஈ மொய்த்த மாதிரி அழுக்குப் புள்ளிகள் வரும். தாளில் பேனாவால் வரைந்ததை ஸ்கேன் செய்தபோது பின்னணி சாம்பலாக வந்தது. ஜிம்ப்பில் லெவல்ஸ் திறந்து வெள்ளை முள்ளை இடது பக்கம் கொஞ்சம் இழுத்ததும் தாள் வெளுத்தது.

பக்க அமைப்புக்கு ஒரு சாதாரண வழிதான்: இரண்டு கட்ட அட்டவணை. இடது கட்டத்தில் படம், வலது கட்டத்தில் விளக்கம், கோடுகள் எடுத்தாயிற்று. படம் ஆஸ் கேரக்டர். ஒரு வரிசை பாதியில் உடைந்து அடுத்த பக்கம் போகக்கூடாது என்று அட்டவணைப் பண்புகளில் வைத்துவிட்டேன். டிசைன் தெரிந்தவர்கள் சிரிக்கலாம். எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் படம் விளக்கத்தைவிட்டு ஓடாது, எனக்கு அது முக்கியம்.

என்றாலும் வேறு கம்ப்யூட்டரில் ஒன்று ஓடியது. லேமினேஷனோடு சேர்த்து வெளியே ஒரு கடையில் கொடுக்கலாம் என்று டாக்எக்ஸாகச் சேமித்துக்கொண்டு போனேன். அங்கே வேர்டில் திறந்ததும் பாதிப் படங்களைக் காணவில்லை. இருந்த இடத்தில் ரிப்பன் அகலத்துக்கு ஒரு கீற்று. கடைத் தம்பி படம் கெட்டுப்போச்சு என்றார். கெடவில்லை. தமிழ் எழுத்துருவில் வரிகளுக்கு நடுவே இடைவெளி அதிகமாகத் தெரிகிறதென்று, வரி உயரத்தை 18 பாயின்ட் என்று நான் அடித்து நிறுத்தியிருந்தேன். படம் ஓர் எழுத்தாக அந்த வரியில் உட்கார்ந்திருக்கிறது. வரி 18 பாயின்ட் உயரம்தான் என்றால் படத்திலும் அவ்வளவுதான் தெரியும். படம் இருக்கும் பத்திகளுக்கு மட்டும் வரி இடைவெளியை சிங்கிள் என்று மாற்றியதும் எல்லாம் எழுந்து நின்றன. இதற்கென்று 'படப்பத்தி' என்று ஒரு ஸ்டைலே வைத்துவிட்டேன்.

அதே கடையில், அதே அரை மணி நேரத்தில், எனக்கு வியர்த்த விஷயம் ஒன்று நடந்தது. 6ஆம் பக்கத்துப் படத்தைக் கொஞ்சம் அகலமாக்கலாம் என்று அந்தத் தம்பி வெட்டும் கைப்பிடியை வெளியே இழுத்தார்.

"அண்ணா, இந்தப் படத்துக்குள்ள ஏதோ பேப்பர் இருக்குதுங்களே."

மெஷின் டேபிளில் அன்றைக்குக் கிடந்த ஆர்டர் ஷீட். வெளிநாட்டில் ஆர்டர் கொடுத்த பையரின் பெயர், ஸ்டைல் நம்பர், பீஸ் கணக்கு எல்லாம் படிக்கும் அளவுக்குத் தெளிவாக. அந்தப் படத்தை நான் வெட்டத்தான் செய்திருந்தேன். ஆனால் அவசரத்தில் ரைட்டருக்குள் வெட்டிவிட்டேன். அங்கே வெட்டுவது துணியை வெட்டுவதுபோல இல்லை, மடித்துத் தைப்பதுபோல. பிரித்தால் உள்ளே எல்லாம் இருக்கும். வேர்டில் கம்ப்ரெஸ் பிக்சர்ஸில் வெட்டிய பகுதிகளை அழி என்று தேர்ந்தெடுத்தால்தான் உண்மையில் போகும். பையர் பெயர் வெளியே போனால் எங்கள் ஊரில் என்ன ஆகும் என்று திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கேயே நின்று கடை கம்ப்யூட்டரில் இருந்த பிரதியை அழிக்கச் சொல்லி, பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

அன்று இரவே எல்லாப் படத்தையும் ஜிப்பைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இன்னும் இரண்டில் மடிப்புக்குள் ஆள் முகம் இருந்தது. மூன்றையும் ஜிம்ப்பில் வெட்டித் திரும்ப வைத்தேன். ஃபோன் படங்களில் எடுத்த இடத்தின் விவரமும் ஒளிந்திருக்கும். ஜிம்ப்பில் ஏற்றுமதி செய்யும்போது எக்ஸிஃப் என்ற குறியை எடுத்துவிட்டால் அது ஒட்டாது. அடுத்த முறை கடைக்குப் போனது பிடிஎஃப் மட்டும். ரைட்டரின் பிடிஎஃப் ஏற்றுமதியில் படத்தின் தரம் 90, புள்ளி 300 என்று இருந்தது, அப்படியே விட்டேன். 41 படங்களோடு ஓடிடி 9 எம்பி, பிடிஎஃப் அதைவிடக் குறைவு.

லேமினேட் செய்து ஒவ்வோர் ஓவர்லாக்கின் நூல் ஸ்டாண்டிலும் கயிற்றில் கட்டினோம். மூன்றாம் நாள் அக்கா கூப்பிட்டார். போனேன். எண்ணெய்க் கையை வேஸ்ட் துணியில் துடைத்துவிட்டுத் தாளில் விரலை வைத்தார்.

"ஏழுன்னு போட்டு அம்பு காட்டிருக்கியே, அது ஏழு இல்ல கண்ணு. அதுக்கு மேல இருக்குற ஓட்டை."

குனிந்து பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. அம்பு நாலு மில்லிமீட்டர் கீழே இறங்கியிருந்தது. ட்ரா கோப்பைத் திறந்து அம்பைத் தூக்கி வைத்து, ஏற்றுமதி செய்து, ரைட்டரில் அந்தப் படத்தின் மேல் வலது கிளிக் செய்து ரிப்ளேஸ் கொடுத்தேன். பத்து நிமிடம். லேமினேட் செய்த 30 தாளில் மட்டும் மார்க்கரால் திருத்த வேண்டியிருந்தது. அதை அக்காவும் நானும் டீ டைமில் செய்தோம்.